கரையாத நீல மணிகள்

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் குருண் ஊரில் ஷாம்பு, கிரீம் தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் எனக்கு மிக்ஸிங் வேலை. அந்த வருடம் புதிதாக ஃபேஸ் வாஷ் போட்டோம். தெளிந்த ஜெல்லுக்குள் கடுகைவிடச் சின்ன நீல மணிகள். தேய்த்தால் அழுக்குப் போகும். மணிகள் பிளாஸ்டிக். அவை மிதக்காமல் அங்கங்கே நிற்பதற்குத்தான் கார்போமர் பவுடரில் ஜெல் செய்வோம்.

ஒரு நாள் ஜெல் தளர்வாக இருந்தது. ஷாம்பு தளர்ந்தால் உப்புப் போட்டுக் கெட்டியாக்குவது வழக்கம். அதே நினைப்பில் யாரையும் கேட்காமல் ஒரு கோப்பை உப்பைக் கொட்டினேன். கண்ணெதிரே ஜெல் தண்ணீரானது. மணிகள் எல்லாம் மேலே வந்துவிட்டன.

மேனேஜர் சவரிமுத்து சார் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா ஸ்டெல்லா, கோழிக் கொழம்பா வைக்கிற? கார்போமருக்கு உப்பு ஆகாதுன்னு தெரியாதா?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“சரி, அழுவாத. லோங்காங்ல ஊத்திட்டு வேற போடு லா.”

பின்பக்கச் சாக்கடையில் திறந்துவிட்டேன்.

சாயங்காலம், அந்தச் சாக்கடை போய்ச் சேரும் பக்கத்துக் கம்போங் கிராமத்தில் வாத்து வளர்க்கும் பாக் டின் எங்கள் கேட்டில் வந்து நின்றார். இரண்டு கக்கத்திலும் இரண்டு வாத்துகள். அலகிலும் மார்பிலும் நீலப் புள்ளிகள்.

“அபா இனி, என்ன இது? என் இத்திக் வாத்துக்கு யார் மேக்கப் போட்டது?” என்று மலாயில் கத்தினார்.

சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாக் டினும் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். நான் யூனிஃபார்மோடு குழாயடியில் உட்கார்ந்து வாத்துகளைக் கழுவினேன். உதிர்ந்த மணிகள் நிறம்கூட மாறாமல் சிமெண்டில் கிடந்தன. தீனி என்று நினைத்து ஒரு வாத்து கொத்த வந்தது. சட்டென்று கையால் மூடினேன்.

“சார், இது கரையவே கரையாது. தின்னா வயித்துலதான் கெடக்கும்.”

சார் சிரிப்பை நிறுத்தினார். மறுநாளே சாக்கடை வாயில் மெல்லிய துணியை நான்காக மடித்துக் கட்டினோம். எனக்கு ஒரே பெருமை.

அந்த ஞாயிறு புக்கிட் செலம்பாவ் ஊரில் எங்கள் வீட்டில் அக்கா எங்கள் ஃபேஸ் வாஷ் போட்டு முகம் கழுவினாள். நுரையோடு நீல மணிகள் வாய்க்காலுக்கு ஓடின. திங்கட்கிழமை சாரிடம் கேட்டேன்.

“நம்ம துணி கட்டிட்டோம் சார். வாங்குறவங்க வீட்டுல யாரு கட்டுவா?”

அவர் தலையைச் சொறிந்தார். “போமா, டெலிவரி நிக்குது.”

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, புதுச் சரக்கு கைக்கு வந்தால் எப்படிக் கலப்பது என்று சப்ளையர் தானாகவே சொல்லிவிடுவார். கழுவின பிறகு எங்கே போகும் என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேளுங்கள்.