விசில் ஊதினா டீக்கு ஓடுற கூட்டமும் என் விளையாட்டுப் படிப்பும்

மத்தவங்க லீவு எடுக்கிற அன்னிக்குத்தான் எங்களுக்கு வேலையே. பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா மூணையும் சேர்த்து ஒரே பட்டமாப் படிக்கிற என் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேணும்? அதுவும் ஊட்டுக்கு ஊடு தையல் மிஷின் ஓடுற திருப்பூர்ல இதைப் படிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்!

வெள்ளகோவில் பந்தி

வெள்ளகோவில்ல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து எலை அத்தை என்ன படிக்கிறேன்னு கேட்டாங்க. மலையேத்தம் கூட்டிட்டுப் போறது, போட்டி நடத்துறது, ஊர் சுத்திக் காட்டுறது எல்லாமே பாடமுங்கன்னு மூச்சு விடாம அடுக்கினேன். அத்தை ஜிலேபியைக் கீழ வெச்சுட்டு நெசமான கவலையோட கேட்டாங்க: “அப்ப லீவு உட்டா என்ன கண்ணு பண்ணுவீங்க?”

அப்பாவோட கண்டிசன்

கடைசி வருசப் பிராக்டிகல் வந்துச்சு. ஒரு கூட்டத்தை வெளியூர் கூட்டிட்டுப் போய் விளையாட்டு நடத்தணும். புரொபசர் அம்மா கூடவே வந்து மார்க் போடுவாங்க. எனக்குத் தலைகால் புரியல, அத்தனை சந்தோசம்! அமராவதி அணைதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

கூட்டத்துக்கு எங்கே போறது? அப்பாவுக்கு அருள்புரத்துல பனியன் கம்பெனி. ஆளும் பஸ்ஸும் அவரே குடுத்தார். நான் படிச்ச இந்த டூர் தொழிலுக்கே போகணும்ங்கிற என் ஆசை மட்டும் அவருக்கு ஆகாது. தானும் கூட வர்றேன்னு பஸ் ஏறும்போது சொன்னார்: “வந்தவங்க சந்தோசமாத் திரும்புனா உன்ற வழியில போ சாமி, இல்லீன்னா திங்கக்கெழம நம்ம கம்பெனி செக்கிங் டேபிளுக்கு வந்துரு.”

சிவப்பு அம்பு

அணைப் பூங்காவுல முதல் ஆட்டம் கோ-கோ. டெய்லருங்க ஒரு அணி, அவங்க தெச்சதுல தப்புப் பார்க்கிற செக்கிங் அக்காக்கள் ஒரு அணி. எல்லாருக்கும் கம்பெனியிலேயே தெச்ச புது ஜெர்சி. கையில குடுத்ததுதான் தாமதம், அக்காக்கள் அதைப் போட்டுக்காம, உள்பக்கம் திருப்பி வெளிச்சத்துல புடிச்சுத் தையல் பார்க்க உட்கார்ந்துட்டாங்க. பைக்குள்ளிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் வேற வந்துச்சு. தப்பு இருக்கிற இடத்துல ஒட்டுறதுங்க அது, டூருக்குமா எடுத்துட்டு வருவாங்க!

தெச்ச டெய்லருங்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. புரொபசர் அம்மா பேனாவோட நிக்கறாங்க. ஆட்டம் முடிஞ்சு பார்த்துக்கலாமுங்க அக்கான்னு கெஞ்சினேன். செக்கிங் செல்வி அக்கா அசையவே இல்லை: “தையல் உட்டுப்போன பீஸைப் போட்டுட்டு எப்படி கண்ணு ஓடறது? ஆல்டர் பண்ணிக் குடு, அப்பறம் ஜெயிக்கிறோம்.”

டீ எங்கே?

புரொபசர் அம்மாவே ஊசி நூல் தேடிக் குடுத்து, ஒருவழியா ரெண்டு அணியும் எறங்கிருச்சு. விசிலை ஊதினேன் பாருங்க, மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு ஓடுச்சு! ஆகா, நம்ம பிராக்டிகல் பாஸுடான்னு துள்ளிக் குதிச்சேன்.

ஓடினது ஆட்டத்துக்கு இல்லீங்க, சாப்பாட்டுச் சாமான் இருக்கிற பஸ்ஸுக்கு. எங்க கம்பெனியில மிஷின் சத்தத்துல பெல் காதுல கேக்காதுன்னு டீ நேரத்துக்கு அப்பா விசில்தான் ஊதுவார். பழக்கதோசம், ஆளுங்க வரிசைகட்டி நின்னுட்டாங்க. அப்பா மரத்தடியில கையைக் கட்டிட்டு என்னையே பார்க்கறார். எனக்கு அழுகையே வந்துருச்சு. வரிசையில முதல் ஆளா நின்ன டெய்லர் முருகேசண்ணன் கேக்கறார்: “விசில் ஊதீட்டீங்க, டீ எங்கீங்க அம்மிணி?”

கடைசிக் கயிறு

சரி, போறதுதான் போகுதுன்னு கயித்தை எடுத்துப் போட்டேன். கயிறு இழுக்கறதுக்கு விசில் ஊதல, கையைத் தட்டினேன்! டெய்லருங்க பக்கம் ஓராள் குறைஞ்சுது. முருகேசண்ணன் ஓடிப்போய் அப்பாவைக் கையோட இழுத்துட்டு வந்து கடைசி ஆளா நிறுத்திட்டார். முதலாளி வேட்டியை மடிச்சுக் கட்டுனதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி புடிச்சிருச்சு! கம்பெனியில வேலை பார்க்கிற பீகார் பசங்க இந்தியில கத்த, அக்காக்கள் தமிழ்ல கத்த, அணையில தண்ணி தொறந்த மாதிரி சத்தம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.

அந்நேரம் பார்த்து மரத்தடியில அப்பா விட்டுட்டு வந்த போன் அடிக்குது. ஆர்டர் குடுக்கற பையர்! முருகன் சந்நிதியில நின்னாலும் அந்தப் போனை மட்டும் எடுத்துருவார். போனைத் தூக்கிட்டு, “அப்பா, பையருங்க, பையருங்க!”ன்னு ஓடினேன். மூஞ்சியெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு, அப்பா திரும்பிக்கூடப் பார்க்கல: “அந்தாளு கெடக்கறான், நீ வந்து கயித்தைப் புடி சாமி!”

பிராக்டிகல்ல பாஸுங்க, செக்கிங் டேபிளும் தப்பிச்சுது, ஆனா மாசா மாசம் ஒரு டூர் போடச் சொல்லி அப்பாவே இப்ப நச்சரிக்கறதுல, லீவு உட்டா என்ன பண்ணுவேன்னு கேட்ட அத்தைக்குப் பதில் சொல்ல எனக்கு லீவே இல்லாமப் போச்சு.