கோட்டுக்கு நான் பொறுப்பு

அக்கா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில் எனக்குத் தந்த வேலை கோட்டு வாங்குவது. ஹோல் வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்களின் கோட்டை வாங்கிப் பக்கத்து அறையில் கொழுவ வேண்டும். எனக்கு எட்டு வயது. எல்லாருக்கும் பலகாரம், எனக்குக் கோட்டு.

அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. "ஒருத்தரையும் கோட்டோட உள்ள விடாதை. மாமான்ரை கலியாண வீடியோவில முழுப்பேரும் ஸ்னோ தள்ள வந்த ஆக்கள் மாதிரி நிக்கினம்."

சரி. நின்றேன்.

அம்மாவோடு பிஸ்கற் ஃபக்ரரியில் வேலை செய்கிற அன்ரி வந்தா. சீனாவில் யுனான் மலைப்பக்கம். "சைனீஸோ?" என்று கேட்டால், "ஹானி" என்று தன் இனத்தின் பெயரைச் சொல்லித் திருத்துவா. எங்களை இந்தியாவோ என்று கேட்டால் அம்மா திருத்துகிற அதே முகம். அம்மா ஒப்பரேசன் செய்து படுத்திருந்தபோது ஒவ்வொரு நாளும் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது இந்த அன்ரிதான். அவவுக்கென்று முன்வரிசையில் ஒரு கதிரையில் அம்மா தன் சால்வையைப் போட்டு வைத்திருந்தா.

அன்ரி தடித்த விண்டர் ஜக்கெற்றைத் தானே கழட்டித் தந்தா. உள்ளே கறுப்போ நீலமோ தெரியாத இன்னொரு கோட்டு. இடுப்பில் வெள்ளிச் சங்கிலி. கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினா. தரமாட்டாவாம்.

"கோட், பிளீஸ்."

யோசித்து யோசித்துக் கழட்டினா. உள்ளே அதே மாதிரி இன்னொன்று. அதற்குள்ளும் ஒன்று. விளிம்புகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாய்ப் படிக்கட்டு மாதிரித் தெரிந்தன.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பின்னால் சனம் சேர்ந்துவிட்டது. "என்ன பிள்ளை, வெங்காயம் உரிக்கிறியோ?" என்றார் ஒரு அங்கிள். எல்லாரும் சிரிப்பு. அம்மா ஓடி வந்தா. எனக்கு ஏச்சு, அன்ரிக்கு இங்கிலிஷ்.

"ஹொற், சிஸ்ரர், வெரி ஹொற். ரிமூவ், ரிமூவ்!"

அன்ரி ஒவ்வொன்றாய்க் கழட்டி, மடித்து, என் கையில் வைத்தா. என் கண் மட்டத்துக்குத் துணி வந்தது. புதுச்சட்டையில் நீலச்சாயம் பிரண்டது. அதற்கும் பிறகு ஏச்சு விழுந்தது.

அன்ரி ஒரேயொரு மெல்லிய சட்டையோடு உள்ளே போனா. முன்கதிரைக்குப் போகவில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தா. அம்மா போய்க் கூப்பிட்டும் மேடைக்கு வரவில்லை. அக்கா மட்டும் சீலை மாற்றி மாற்றி வந்தா. ஒவ்வொரு சீலைக்கும் கைதட்டு. அவவை ஒருத்தரும் ஏன் இத்தனை என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலையால் வந்த அம்மா, சப்பாத்தும் கழட்டாமல் கத்தினா.

"விசரி, அது கோட்டில்லையடி! அவையளின்ரை விசேஷ உடுப்பு. ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு விளிம்பெல்லாம் தெரிய வருவினமாம். எத்தினை அடுக்கோ, அவ்வளவு சீராம். எங்கடை பிள்ளையின்ரை விசேஷத்துக்கெண்டு, தனக்குத் தாய்வீட்டில குடுத்த முழுவதையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா."

"நீங்கள்தானே கழட்டச் சொன்னனீங்கள்?"

"வாய் காட்டாதை!"

இது நியாயமோ? இப்போதும் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு அன்ரியைச் சாப்பிடக் கூப்பிட்டா அம்மா. அந்த நாள் பார்த்து வீட்டு ஹீற்றர் நின்றுவிட்டது. வெளியில் பனி. "பழுது. ஒருத்தரும் கை வையாதேங்கோ," என்றா அம்மா. அக்கா மேடைச் சீலையில் நடுங்கினா. நான் கோட்டும் தொப்பியுமாய்ச் சோறு தின்றேன். அன்ரி மட்டும் எல்லா அடுக்கும் போட்டு, வெள்ளிச் சங்கிலியும் கட்டி, மேசைத் தலைமாட்டில் சுகமாய் இருந்தா. அம்மா அந்த விளிம்புகளை விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தா. பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் அன்ரியை நிற்கவைத்துப் படம் எடுத்தா. சாமத்திய வீட்டு அல்பத்தில் அதுதான் முதல் படம். மூலையில் நான் நிற்கிறேன், கோட்டோடு.

அன்ரி போன கையோடு ஹீற்றர் வேலை செய்யத் தொடங்கியது. திருத்த ஒருத்தரும் வரவில்லை. பழைய ஹீற்றர், அப்படித்தான் என்று நினைத்தேன். கனகாலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.