வில் மடிக்கு வரும்வரை

எங்கள் இசைக்குழுவில் வியோலா வாசிப்பவர்கள் மூன்றே பேர். வியோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் தடித்தது. பெரும்பாலான இசையில் மற்றவர்களுக்கு அடியில் நின்று முட்டுக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. அதனால், புதிய படைப்பில் வியோலாவுக்கு ஒரு தனி வாசிப்பு இருக்கிறது, அது எனக்குத்தான் என்று இசை நடத்துநர் சொன்ன மாலை, தீவில் ஒத்திகை நடக்கும் கெலுகோரிலிருந்து கடல் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் வரை எப்படிக் கார் ஓட்டினேன் என்றே நினைவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிட்டேன்.

அப்பா தொழிற்சாலை ஆட்களை வேனில் ஏற்றி இறக்குபவர். அம்மா தொழிற்சாலையில் ஆபரேட்டர். இருவருமே பள்ளிக்கூடத்தை முடிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இசைச் சங்கத்து அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த வியோலாவை எடுத்து ஆரம்பித்தவள். இப்போது பொறியாளர் என்று சொல்வதைவிட வியோலா வாசிப்பேன் என்று சொல்லும்போதுதான் என் கழுத்து நிமிர்கிறது.

அப்பா அதற்குள் சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டு, “மக தனியா வாசிக்கிறா லா” என்று சொல்லி முடித்திருந்தார். வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. யாரும் இந்த மாதிரிக் கச்சேரிக்குப் போனதில்லை. ஆகவே சாப்பாட்டு மேசையில் நான் வகுப்பு எடுத்தேன். முதலில் வாசிக்கப்போகும் பழைய சிம்பொனிக்கு நான்கு பகுதிகள். ஒரு பகுதி முடிந்ததும் அமைதி வரும். அப்போது கை தட்டக் கூடாது.

“முடிஞ்சா தட்டுறதுதானே மரியாத?” என்றார் அப்பா.

“முடிஞ்ச மாதிரி இருக்கும்பா. ஆனா முடிஞ்சிருக்காது.”

“இது என்ன, எங்க வீட்டு ரிப்பேர் வேல மாதிரில்ல இருக்கு” என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். கோயில் பஜனையில் அவள் கைத்தட்டு மற்ற எல்லோருடையதையும் அமுக்கிவிடும். நான் பயந்ததே அந்தக் கைகளுக்குத்தான்.

கடைசியில் ஒரு அடையாளம் சொன்னேன். நான் மேடையின் வலது ஓரத்தில், முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். வில்லை மடியில் வைத்தால் தட்டலாம். அதுவரை ஒருவரும் தட்டக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. புதிய படைப்பை எழுதியவர் கெப்பாலா பத்தாஸில் ஆசிரியையாக இருக்கும் ஒரு மலாய்ப் பெண். கடலைக் கடக்கும் ஃபெரிப் படகைப் பற்றிய இசை. நடுவில் குழு முழுவதும் நின்றுவிடும். நடத்துநர் சபையைப் பார்த்துத் திரும்பி, ஃபெரியின் எஞ்சின்போல இரண்டு தட்டு, பிறகு மூன்று தட்டு என்று ஆரம்பிப்பார். சபையும் சேர்ந்து தட்ட வேண்டும். அந்தத் தட்டின் மேல்தான் என் தனி வாசிப்பு. சபைக்கு அது முன்கூட்டியே தெரியக் கூடாது, வெளியே யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அந்த ஆசிரியை கேட்டுக்கொண்டார். நடத்துநர் இன்னொன்றும் சொன்னார். தட்டு எழவில்லை என்றால் காத்துக்கொண்டிருக்க முடியாது. அவர் தலையசைப்பார், தனி வாசிப்பை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுவோம்.

நிறைந்த மண்டபத்தில் கை தட்டவா ஆள் இல்லாமல் போகும் என்று நினைத்தேன்.

கச்சேரி நாள் மாலை ஜார்ஜ் டவுனில் மழை விட்டிருந்தது. மேடைக்கு வந்ததும் பார்த்தேன். மூன்றாவது வரிசை முழுவதும் எங்கள் ஆட்கள். அம்மா கல்யாணத்துக்கு உடுத்தும் பட்டில் இருந்தாள். விளக்கு அணைந்து, முதல் சுருதி எழுந்தபோது என் உள்ளங்கால் வரை சிலிர்த்தது. அத்தனை பேரும் ஒரே மூச்சில் வில்லைத் தூக்குவது இருக்கிறதே, அதற்காகவே இன்னும் நூறு சிம்பொனி வாசிக்கலாம்.

முதல் பகுதி முடிந்தது. பின்வரிசையில் சிலர் தெரியாமல் தட்டிவிட்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து அத்தை முழு உடம்போடு திரும்பி, உதட்டில் விரல் வைத்து, “உஷ்ஷ்” என்றாள். அது மேடை வரை கேட்டது. தட்டியவர்கள் சுருங்கிப் போனார்கள். அதன்பின் அந்த மண்டபத்தில் இருமலுக்குக்கூட அனுமதி கேட்க வேண்டும்போல ஆகிவிட்டது. என் வகுப்பு பலித்துவிட்டதென்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

இடைவேளைக்குப் பிறகு ஃபெரி. மணி அடித்தது, அலை வந்தது. குழு நின்றது. நடத்துநர் சபை பக்கம் திரும்பித் தட்டினார். இரண்டு. மூன்று. இரண்டு. மூன்று.

ஒருவர் கையும் அசையவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே கையை இன்னும் உயர்த்தித் தட்டினார். ஓரிருவர் கையைத் தூக்கிவிட்டு, மூன்றாவது வரிசையைப் பார்த்துவிட்டு, இறக்கிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களோ கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, கண் இமைக்காமல் என் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடத்துநர் என் பக்கம் திரும்பினார். தலையசைக்கப் போகிறார் என்று தெரிந்தது.

வில்லை மடியில் வைத்தேன்.

அடுத்த நொடி மூன்றாவது வரிசை வெடித்தது. கச்சேரி முடிந்துவிட்டதென்று நினைத்து அப்பா எழுந்தே நின்றுவிட்டார். தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கூரை பிய்க்கும் கைத்தட்டு. ஆனால் நடத்துநர் விடவில்லை. முன்னால் வந்து, அவர்களைப் பார்த்தே பெரிதாகத் தட்டினார். இரண்டு. மூன்று. முதலில் பிடித்தது அத்தைதான். “ஏய், பஜனை மாதிரி தட்டுங்க” என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. அப்பாவைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டே தாளத்துக்கு வந்துவிட்டாள். அந்த வரிசை வந்தது. பின்வரிசைகள், இனி யாரும் அதட்ட மாட்டார்கள் என்ற தைரியத்தில், மொத்தமாக வந்தன. காலடிப் பலகை அதிர்ந்தது. நிஜமாகவே ஒரு கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

வில்லை எடுத்தேன். வாசித்தேன். பயிற்சியில் ஒருநாளும் வராத குரல் அன்று வியோலாவிலிருந்து வந்தது. அடியில் அத்தனை கைகள் முட்டுக்கொடுக்கும்போது வராமல் எங்கே போகும்? நடத்துநர் கையைத் தாழ்த்த, எஞ்சின் மெல்ல அடங்க, என் கடைசிச் சுரம் மட்டும் கரை சேர்ந்தது. பிறகு குழு முழுவதும் சேர்ந்து ஃபெரியைக் கரையில் கட்டி முடித்தோம்.

மண்டபமே எழுந்து நின்றது. ஆசிரியை மேடை ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பு அடங்கவில்லை. சபையைப் பார்த்தேன். அத்தனை பேரும் தட்டிக்கொண்டிருக்க, மூன்றாவது வரிசை மட்டும் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தது. அம்மா கன்னத்தில் ஈரம். கைகள் மட்டும் தொடைக்கு அடியில். அப்பா மோவாயை நீட்டி நீட்டி எதையோ காட்டினார்.

குனிந்து பார்த்தேன். வில் இன்னும் என் கையில் இருந்தது.