தமிழிலேயே சொல்லச் சொன்ன டொக்டர்

போன வருஷம் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த நேரம். இலங்கையில் எஹலியகொட ஊருக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் நான் ரப்பர் பால் வெட்டுகிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன என் மனைவி குளவி கொட்டி இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று காலை முகம் கழுவக் குனிந்தவனுக்கு நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போலிருந்தது. இடது கை மரத்துப்போனது. மூச்சு பாதிதான் உள்ளே போனது. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து தன் த்ரீவீலரில் என்னைத் தூக்கிப் போட்டான்.

பாதை முழுக்கச் சேறு. வண்டி புதைந்தது. இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறினான்.

"அண்ணே, கண்ண மூடாதீங்க. எதையாவது பேசிக்கிட்டே வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் என் மகளுக்கு இனி அப்பாவும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் உடனே ஈசிஜி எடுத்தார்கள். இளம் சிங்கள டொக்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்தார்கள். காத்திருக்க வைத்து மறுபடியும் ஈசிஜி எடுத்தார்கள். வாசலில் நின்ற தம்பியின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கடைசியில் டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருதயத்தில் கோளாறு தெரியவில்லை என்றார். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கடையிலும் துரைமார் இருக்கும் கந்தோரிலும் அதுதான் பேச்சு. ஆனால் மனைவி இறந்ததைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். வார்த்தை தெரியும், வாய்தான் வரவில்லை.

"தெமளென் கியன்ன" என்றார். தமிழிலேயே சொல்லுங்கள், எல்லாம் புரியாது, ஆனாலும் கேட்கிறேன் என்றார்.

சொன்னேன். அவள் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போனதை, மலையில் சத்தம் கேட்டு நான் ஓடியதை, அவள் முகம் எனக்கே அடையாளம் தெரியாமல் வீங்கிக் கிடந்ததை. இடையில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். மனைவி போன பிறகு அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

பிறகு தம்பியை உள்ளே கூப்பிட்டு, வீட்டில் இவர் மனைவியைப் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்தான். நான் உடைந்துவிடுவேன் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவள் பேரைக்கூட எடுப்பதில்லை. பேசுங்கள், இவரைத் தனியாக விடாதீர்கள் என்றார் டொக்டர். என்னை ஒவ்வொரு கிளினிக் நாளும் வரச் சொன்னார். தை பிறந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று திரும்பி வரும்போது சேற்றுப் பாதை வந்ததும் தம்பி வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணி கடைசியா எனக்குக் குடுத்த ரசத்துல உப்பே இல்லண்ணே. நான் சொல்லல, குடிச்சிட்டேன்."

"அவ எப்பவும் அப்படித்தான்டா" என்றேன். இருவரும் சிரித்தோம், அழுதோம்.

இப்போதெல்லாம் எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நான் அந்த வீட்டுக்குப் போய், போனவரின் பேரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.