குழாயடியில் நான் காட்டிய தாழ்மை

2007 செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, தனியாகச் சாத்தூர்ப் பக்கம் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான் பள்ளிக்கூட டீச்சர்; என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையை உதறிவிட்டு மிஷனரி ஊழியத்துக்குப் போகத் துடிக்கிறார். மனைவியும் சம்மதித்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "ஒரு மிஷனரி வீட்டுல ஒரு நாள் தங்கிப் பாத்துட்டுச் சொல்லு" என்று அனுப்பிவைத்தார். 'முடியாது' என்ற பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து சாத்தூருக்கு இரண்டு மணி நேரம், இருபத்தாறு ரூபாய். அங்கே வெள்ளரிக்காய் வாங்காமல் வந்தால் பாவம். பிறகு சிவகாசி போகும் டவுன் பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர். "எந்தப் பயராபீசுக்குப் போறீக?" என்றார் கண்டக்டர். பட்டாசுத் தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பெயர். சர்ச்சுக்கு என்றதும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

நான் தங்கியது மிஷனரி தாவீது ஐயா, அவர் மனைவி கிரேஸ் அக்கா வீட்டில். வீட்டின் முன்னறைதான் சபை. சாயங்காலம் அக்காவோடு பாத்திரம் கழுவினேன். வீடு பெருக்கும்போது கர்த்தர் பேசினார், சோறு வடிக்கும்போது பேசினார் என்று கூட்டங்களில் எத்தனை பேர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன்! "பாத்திரம் கழுவுறதுல கர்த்தர் உங்களுக்கு என்னக்கா கத்துக்குடுத்தார்?" என்று ஆவலோடு கேட்டேன். "சாம்பல் போட்டுத் தேய்ச்சா கரி போகும், டீச்சர்" என்றார். கேலியா, நிஜமா என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஞாயிறு காலை ஒன்பதே முக்கால். ஐயா கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ, "தண்ணி வந்திருச்சு!" என்று கத்தினார்கள். பாதி ஜெபத்தில் ஐயா 'ஆமென்' என்றார். சபையே எழுந்து ஓடியது. ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். இது பக்திக் குறைவா இல்லையா என்று நான் குழம்பி நிற்க, அக்கா என் கையில் ஒரு பச்சைக் குடத்தைத் திணித்தார். "இது மாரியம்மாவோடது. தீபாவளி சீசன்ல ஞாயித்துக்கிழமையும் பயராபீசுல வேல. வேன்ல போயிட்டா. வரிசையில நில்லுங்க."

வாசலில் இதுபோல வேலைக்குப் போன பெண்களின் குடங்கள் வரிசையாக இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் முறை வந்தபோது பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி. "நீங்க பிடிங்க" என்றேன். அடுத்து ஒரு கர்ப்பிணி. அவளுக்கும் விட்டேன். மனசுக்குள் பெருமை தாங்கவில்லை. ஆகா, இதுதான் பாடம்! மறுபடி குடத்தை வைத்தபோது குழாய் இருமிவிட்டு நின்றுபோனது.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "விட்டுக்குடுக்கதுக்கு அது உங்க குடமா, டீச்சர்?"

எனக்கு அழுகை வந்தது. சின்ன வயதிலிருந்து விட்டுக்கொடுக்கத்தானே சொல்லித் தந்தார்கள்?

சாயங்காலம் வேன் வந்தது. மாரியம்மா இறங்கினாள். சபைக்கு வருகிறவள் இல்லை; அடுத்த தெருக்காரி. கையெல்லாம் வெள்ளி நிற மருந்துத் தூள். காலிக் குடத்தைப் பார்த்தாள். நானே நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைக்காரிக்கா? அவுக வீட்டுல தொட்டியே இருக்கு" என்றாள். கோபமே இல்லை. அக்கா தன் குடத்திலிருந்து பாதியை அவள் குடத்தில் ஊற்றினார். போகும்போது மாரியம்மா திரும்பி, "அடுத்த தண்ணிக்கு இருப்பீகளா? அக்கா ஒத்தையா எம்புட்டு குடந்தான் பிடிப்பாக?" என்றாள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சாத்தூரிலிருந்து மதுரைக்கு ராத்திரியும் பஸ் உண்டு, பயமில்லை. யார் வீட்டில் தங்கினாலும் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். யாராவது குடத்தைக் கொடுத்து நிற்கச் சொன்னால், இடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆன்மிகப் பாடம் என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். "என்ன முடிவு பண்ணின? ஊழியத்துக்குச் சம்மதமா?" என்றார் அவர்.

"அது தெரியலங்க" என்றேன். "மாரியம்மா வீட்டுல அரைக் குடம் தண்ணிதான் இருக்கு. எட்டு நாளைக்கு."