தார்பின் கலக்காத ஞாயிற்றுக்கிழமை

அத்தை படகு வாங்கி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆர்.கே.புரத்தில் தரைத்தளக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அவள் எங்களோடு தங்கி, ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தாள். விடுமுறை நாட்களில் யமுனையில் துடுப்புப் போடப் போவாள். அங்கே கழித்துப்போட்ட சின்ன மரப்படகு ஒன்றைத்தான் டெம்போவில் ஏற்றி வந்து எங்கள் பின்கட்டில் கவிழ்த்துப் போட்டாள். துணி உலர்த்த இடம் போயிற்றே என்று அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

நானும் அத்தையும் ஒரு மாதம் உப்புத்தாளால் தேய்த்துப் பழைய பெயின்டை எடுத்தோம். வெறும் மரத்தில் வார்னிஷை அப்படியே அடிக்கக் கூடாது, முதல் பூச்சுக்குப் பாதிக்குப் பாதி தார்பின் எண்ணெய் (டர்பன்டைன்) கலந்தால்தான் மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், சீக்கிரமும் காயும் என்று பெயின்ட் கடைக்காரர் சொல்லியிருந்தார். கலக்கும் குச்சி என் பொறுப்பு. சனிக்கிழமை ஒரு பக்கத்துக்கு அப்படித்தான் அடித்தோம்.

ஞாயிறு மாலை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. படகு ஓட்டுகிற பெண் என்று தெரிந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள் என்பது அப்பாவின் பயம். படகை அடுத்த பிளாக்குக்குத் தூக்கிப்போக நாலு பேரை வரச் சொல்லியிருந்தார். ஞாயிறு காலையில் நான் குச்சியோடு வந்து நின்றதும், அத்தை "இன்னைக்குத் தார்பின் வேண்டாம். அப்படியே கெட்டியா அடி" என்றாள்.

ஜூலை மாதப் புழுக்கம். மத்தியானமாகியும் பூச்சு பிசுபிசுவென்றே இருந்தது. வந்த நாலு பேரும் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சுவரில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பின்கதவைத் தாழிட்டு, அதன் மேல் போர்வையும் தொங்கவிட்டார்.

விருந்தாளிகள் காப்பி குடிக்கும்போது கரண்ட் போயிற்று. வியர்வை தாங்காமல் அம்மாவே அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். காற்றுக்காக வெளியே வந்த மாப்பிள்ளை படகைப் பார்த்துவிட்டார். ஈரப் பக்கத்தில் கையை வைத்ததும் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை முட்டியது, அடித்தது நானல்லவா?

"முதல் பூச்சுல தார்பின் கலக்கணுமே. மறந்துட்டீங்களா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"மறக்கல."

அவர் அத்தையைப் பார்த்தார். கதவில் போர்வையைக் கையில் பிடித்தபடி நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன வேடிக்கை என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக வந்தார், கையில் உப்புத்தாளோடு. ஒட்டிய பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டுமாம். கலக்கும் குச்சியையும் அவரே எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் மட்டும் அத்தை என்னை மூன்று தடவை பிரெட் வாங்க அனுப்பினாள். இத்தனை பிரெட்டை யார் தின்று தீர்ப்பது என்பதுதான் எனக்கு அன்றைக்கு இருந்த ஒரே கவலை.