அடிக்காத விசில்

கால்பந்து விதிகளில் எனக்குத் தெரியாத வரி கிடையாது. ஓய்வுபெற்றபின் திருத்தணியில் நடுவராக நிற்பதே அந்தப் பெருமையைக் காட்டிக்கொள்ளத்தான்.

சென்ற மாதம் இறுதி ஆட்டம். அரக்கோணத்து ஆட்டக்காரன் ஒருவன் ஆர்.கே.பேட்டை ஆளைத் தள்ளிவிட்டான். பேட்டைக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டு, பந்துக்கு முதுகைக் காட்டியபடி தள்ளியவனுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன். விசைத்தறி ஓட்டும் பேட்டை கேப்டன் உடனே உதைத்துவிட்டான். நான் திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது.

அது சரியான கோல். நடுவர் காத்திருக்கச் சொல்லாதவரை ஃப்ரீ கிக்கை உதைக்க விசில் தேவையில்லை. ஆனால் நான் பார்க்கவில்லை என்று எப்படி ஒப்புக்கொள்வது? கோல் செல்லாது என்றேன்.

"நீங்க நிக்கச் சொல்லலியே சார்?" என்றான் கேப்டன்.

"விசில் அடிச்சப்புறம்தான் உதைக்கணும். அதான் ரூல்."

கத்திய கூட்டாளிகளை அவனே அடக்கினான். "சும்மா இருங்கடா. சாருக்குத் தெரியாதா?"

மறுபடி உதைத்தபோது எதிரணி சுவர்போல் நின்று தடுத்தது. பேட்டைக்காரர்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் வந்தான். "அந்த விசில் ரூல ஒரு தபா சொல்லுங்க சார். பசங்க தெரியாமலே ஆடிகினு இருக்கானுங்க."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதே பொய்யை நிதானமாக, உதாரணத்தோடு விளக்கினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இனி எந்த மைதானத்திலும் அவர்கள் விசிலுக்காகக் காத்து நிற்பார்கள்.